பதினெட்டுக் குழிகளும் ஒரே குழுவுடன்

2025 பிப்ரவரி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, செந்தோசா கோல்ஃப் மன்றத்தின் தஞ்சோங் திடலில் நடைபெற்ற எச்எஸ்பிசி மகளிர் உலகச் சாம்பியன்ஷிப் போட்டியைக் காணச் சென்றிருந்தேன். சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் போட்டி இது. ஆண்டுக்கணக்கில் தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்த்துவந்த எனக்கு, பெண்களின் ஆட்டத்தை நாம் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது.

கூட்டத்தில் பெரும்பகுதி நியூசிலாந்தின் லிடியா கோவின் பின்னால் சென்றது. அதில் வியப்பில்லை. 2016இல் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், 2024இல் பாரிஸில் தங்கம் என ஒலிம்பிக்கின் மூன்று பதக்கங்களையும் பெற்றவர் அவர். அந்த வார ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களைவிட நான்கு முறை குறைவாகப் பந்தை அடித்து முடித்து இந்தக் கிண்ணத்தையும் வென்றார். நான் வேறு வழியை எடுத்தேன். பட்டியலின் நடுவில் இருந்த, எனக்கு அதிகம் பழக்கமில்லாத மூன்று வீராங்கனைகள் கொண்ட ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, முதல் குழியிலிருந்து கடைசிக் குழிவரை அவர்களுடனேயே நடந்தேன். பல இடங்களில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர்கூட இல்லை.

முன்பகுதிக் குழி ஒன்றில் அவர்களுள் ஒருவரின் பந்து வலப்பக்க மரங்களுக்கு அடியில் போய் விழுந்தது. அவர் நின்ற இடம் என்னிலிருந்து ஆறேழு அடி தூரம்தான். கிளைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. அதன் வழியாக, குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையான கிரீனை நோக்கி அடித்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அவர் குனிந்து பார்த்தார், நான்கு எட்டு முன்னே நடந்து திரும்பிப் பார்த்தார், மட்டைப்பையைச் சுமந்துவரும் உதவியாளரான கேடியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். கேடி சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டைப் புரட்டி ஓர் எண்ணைச் சொன்னதும், கையில் எடுத்திருந்த மட்டையைப் பையில் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து, பந்தைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, புல் குட்டையாக வெட்டப்பட்ட நடுப்பாதையான ஃபேர்வேக்குக் கொண்டுவந்தார். அடுத்த அடி கொடிக்கு அருகே போய் நின்றது. ஒரே தட்டில் பந்து குழிக்குள் போனது. அந்தக் குழிக்கென வகுத்த அடிகளின் எண்ணிக்கையிலேயே முடித்துவிட்டார், அதாவது ‘பார்’. ஆசையை அடக்கிக்கொண்ட அந்த அரை நிமிடம்தான் அன்று நான் கண்டவற்றுள் மிகச் சிறந்த ஆட்டம். பட்டியலின் நடுவில் இருப்பவரின் பாரை எந்த ஒளிபரப்பும் நின்று காட்டுவதில்லை.

பெண்கள் அவ்வளவு தூரம் அடிப்பதில்லையே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. டிரைவர் என்னும் மிக நீளமான மட்டையால் அடிக்கும்போது, தொழில்முறைப் போட்டிகளில் ஆண்களின் சராசரி ஏறத்தாழ 300 கெஜம், பெண்களுடையது சுமார் 255 கெஜம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசமே பெண்களின் ஆட்டத்தை நுட்பமானதாக்குகிறது என்பதுதான் என் கருத்து. இரண்டாவது அடிக்கு அவர்கள் பெரும்பாலும் நீளமான மட்டையை எடுக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய மட்டையால் அடித்த பந்து விழுந்த இடத்தில் நிற்காது, உருளும். ஆகவே எங்கே விழ வேண்டும், எவ்வளவு உருள வேண்டும், காற்று எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும். வார இறுதியில் பயிற்சித் திடலுக்குப் போகும் என்னைப் போன்றவர்களின் தூரம் இவர்களுடைய தூரத்துக்குத்தான் ஓரளவேனும் அருகில் வரும் என்பதால், கற்றுக்கொள்வதற்கும் இவர்களிடமே நமக்கு அதிகம் இருக்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது என்னை உறுத்துகிறது. உலகின் முன்னணி வீராங்கனைகள் கூடிய இந்தப் போட்டியின் மொத்தப் பரிசு அந்த ஆண்டு 24 லட்சம் அமெரிக்க டாலர். இரண்டே வாரங்களில் அதே மன்றத்தின் செராபோங் திடலில் நடந்த ஆண்களின் லிவ் கோல்ஃப் போட்டிக்கு 2.5 கோடி டாலர், அதாவது பத்து மடங்குக்கும் மேல். விளம்பரமும் ஒளிபரப்பும் அப்படித்தான் என்று காரணம் சொல்வார்கள். பார்ப்பதற்கு வாய்ப்பே கொடுக்காமல் பார்வையாளர் இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஷெனன் டான் 2024இல் கென்யாவில் வென்று, ஐரோப்பிய மகளிர் கோல்ஃப் போட்டித் தொடரில் பட்டம் பெற்ற முதல் சிங்கப்பூரர் ஆனார். அதே ஆண்டு ஒலிம்பிக்கிலும் ஆடினார். அவ்வளவு செய்தவரின் பெயர்கூட என் அலுவலகத்தில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிற்பகல் வெயில் தாங்க முடியாததாக இருந்தது. கேடிகள் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். வீராங்கனைகள் ஒவ்வோர் அடிக்கும் இடையில் குடைக்குள் ஒதுங்கினார்கள். பதினெட்டாவது கிரீனில் என் மூவரும் ஆட்டத்தை முடித்துத் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்கிக்கொண்டபோது, மேடையில் பாதி இருக்கைகள் காலியாகவே இருந்தன. கோல்ஃபில் ஒருவரின் கணக்கை உடன் ஆடுபவர்தான் அட்டையில் எழுதிவர வேண்டும். சரிபார்த்துக் கையெழுத்திட்ட எண், ஒரு குழியில் உண்மையைவிடக் குறைவாக இருந்துவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கப்பட நேரிடும். மரத்தடியிலிருந்து பந்தை மீட்ட அந்த வீராங்கனை, அட்டையை ஒப்படைக்கும் கூடாரத்தை நோக்கி நடந்துகொண்டே தன் கையிலிருந்த அட்டையில் விரல் வைத்து, அடுத்தவரின் எண்களை ஒவ்வொரு குழியாக மறுபடியும் எண்ணிக்கொண்டு போனார்.