16 நொடி பிளிங்க்: சிப்பைத் தூக்கிப் போடாதீங்க

பூட்லோடர் (புரோகிராமை ஏற்ற உதவும் சிறு மென்பொருள்) இல்லாத புது ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில், ஒரு நொடி காத்திருக்கச் சொல்லும் டிலே 1000 போட்டால் எல்இடி 16 நொடிக்கு ஒருமுறைதான் மாறுகிறது, ஆகவே சிப் போலி என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். மன்னிக்கணும், அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இந்தச் சிப் உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை (சிப்புக்குத் தாளம் கொடுக்கும் கடிகாரம்) எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். உங்கள் ஸ்கெட்ச் (புரோகிராம்) ஆர்டுயினோ ஊனோ போர்டுக்காக, 16 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் கம்பைல் ஆனது. அதான் 16 மடங்கு மெதுவு. வெளியே கிரிஸ்டல் (வெளிக் கடிகாரம்) மாட்டினாலும், ஃபியூஸை (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு பிட்களை) மாற்றும்வரை சிப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது (நானும் ஒரு ராத்திரி கெபாசிட்டரை மாற்றி மாற்றிப் பார்த்தவன்தான்). ஏவிஆர்டியூடில் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் மென்பொருள்) லோ ஃபியூஸைப் படித்துப் பாருங்கள். ஹெக்ஸில் 62 என்று வந்தால் காரணம் இதுதான். டேட்டாஷீட்டில் சிஸ்டம் கிளாக் பகுதியிலும் இதே விவரம் இருக்கிறது.