அது நாட்டார் பாட்டு இல்லை

முந்தநாள் ஆடிப்பிறப்பு விழா வீடியோவை எல்லாரும் பாத்திருப்பியள். பிள்ளையள் 'ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை' பாட்டை வடிவாப் பாடினவை, அவையிலை ஒரு பிழையும் இல்லை. மைக் பிடிச்சவர் "அடுத்ததாக ஒரு நாட்டார் பாடல்" எண்டதுதான் எனக்குப் பொறுக்கேல்லை. கீழை போய்ப் பணிவாத்தான் எழுதினன். வந்த மறுமொழி: "பாட்டு நல்லா இருந்தாச் சரி, ஆர் எழுதினா என்ன அண்ணை?"

என்னவோ? பிரதம விருந்தினரின்ரை பேரைப் பட்டம் பதவியோடை ஏழு தரம் சொன்னியள். பொன்னாடையைத் தட்டிலை ஏந்தி வந்தவைக்கும் பேர் இருந்தது. பாட்டை எழுதின மனுசனுக்குத்தான் இல்லை.

அவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். 1878 இலை பிறந்து 1953 இலை கண் மூடினவர். வட்டுக்கோட்டையிலை வாத்தியார். கலம்பகம், நாடகம் எண்டு பெரிய ஆக்களுக்கும் எழுதினவர்தான். ஆனா சனம் 'தங்கத் தாத்தா' எண்டு கொண்டாடினது பிள்ளையளுக்குப் பாடினதுக்கு. பயறு வறுக்கிறதிலையிருந்து பனங்கட்டிக் கூழ் குடிக்கிறவரைக்கும் ஒரு அடுப்படியே அந்தப் பாட்டுக்குள்ளை இருக்கு. எங்கடை அம்மம்மா அதை முணுமுணுத்துக்கொண்டுதான் மாவுண்டை உருட்டுவா. வரி மறந்தா கையும் நிண்டிடும்.

"யாழ்ப்பாணத்துப் புலவரை வன்னியிலை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய்" எண்டு ஒருத்தர் உள்பெட்டிக்கை வந்தார். ஐயா, விசுவமடுவிலை எங்கடை தோட்டத்து வெருளிக்கு அப்பாவின்ரை கிழிஞ்ச சேட்டை மாட்டி, முட்டியிலை சுண்ணாம்பாலை கண் கீறி, அதுக்கு முன்னாலை நிண்டு புலவரின்ரை 'கத்தரி வெருளி' பாட்டைப் பாடின ஆக்கள் நாங்கள். குரங்கு அதுக்குப் பயப்பிடேல்லை, அது வேறை கதை.

"நாட்டார் பாடல் எண்டா பெருமைதானே?" இதிலை கொஞ்சம் நியாயம் இருக்கு, ஒத்துக்கொள்ளுறன். சனத்தின்ரை வாயிலை அவ்வளவு கரைஞ்சு போச்சுது. அதுக்காக எழுதினவனையும் கரைச்சு ஊத்துறதோ?

சொல்லக்கூடாது எண்டிருந்தன். 2009 ஆடி, சண்டை முடிஞ்சு எங்களை அடைச்சு வைச்சிருந்த செட்டிகுளம் முகாம். பயறும் இல்லை, பனங்கட்டியும் இல்லை. முன் தறப்பாளிலை ஒரு பெட்டை, ஆறு வயசு இருக்கும், "ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை" எண்டு உரத்துப் பாடத் தொடங்கினாள். தண்ணி லைனிலை நிண்ட சனம் முழுக்கத் திரும்பிப் பாத்தது. புலவர் எழுதினது பள்ளிக்கூட லீவை. முள்ளுக்கம்பிக்குள்ளை நிண்ட எங்களுக்கு அந்தச் சொல்லு வேறை மாதிரிக் கேட்டுது. வெறும் வாளியோடை நிண்ட கிழவி ஒண்டு, "திரும்பப் பாடு மோனை" எண்டுது. பாடினாள்.

"ஆர் பிள்ளை சொல்லித் தந்தது?" எண்டு அம்மம்மா கேட்டா.

"அப்பா."

அப்பா எங்கை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

வீடியோவின்ரை தலைப்பு இப்பவும் 'நாட்டார் பாடல்' எண்டுதான் கிடக்கு. என்ரை கொமென்ற்றைத்தான் காணேல்லை.