காபியோட முழுங்கிட்டு மாத்திரை கேட்கலன்னு சொன்னா எப்படிங்க?

மெடிக்கல் ஷாப்புல ஒரு சின்ன காக்கிக் கவர் தர்றாங்களே, அது மேல என்ன எழுதியிருக்கும்? 1-0-1. சாப்பாட்டுக்கு முன். சாப்பாட்டுக்குப் பின். முடிஞ்சுது. எதைக் குடிச்சு முழுங்கணும்னு ஒரு வார்த்தை இருக்கா? சீட்டுல கிடையாது, கவர்ல கிடையாது, கவுண்ட்டர்ல நிக்கிறவர் வாயிலயும் கிடையாது. பெட்டிக்குள்ள மடிச்சு வச்ச தாள்ல இருக்கும், எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல, இங்கிலீஷ்ல. பத்து மாத்திரை மட்டும் அட்டையில இருந்து கத்தரிச்சுக் கொடுக்கிற ஊர்ல அந்தத் தாளும் கடையிலேயே தங்கிடும்.

அப்புறம் வீட்டுல என்ன நடக்கும்? கையில எந்த டம்ளர் இருக்கோ அதோட மாத்திரை உள்ள போகும். காலையில காபி, சாயங்காலம் டீ, ராத்திரி பால். போதாததுக்கு "மாத்திரை சூடு, பால் குடிச்சாத்தான் தணியும்"னு ஒரு வீட்டு வைத்தியம் வேற. அந்தப் பால்தான் சில மருந்துகளைக் குடல்லேயே கட்டிப் போடுதுன்னு சொன்னா, நம்மள ஒரு மாதிரி பார்க்கிறாங்க.

தைராய்டு மாத்திரைக்கு நம்ம ஊர்ல முதல் எதிரி ஃபில்டர் காபி. அந்த மாத்திரையில இருக்கிற தைராக்சின் மைக்ரோகிராம் கணக்குல கொடுக்கிற மருந்து. 88-க்கும் 100-க்கும் நடுவுல இருக்கிறது வெறும் 12 மைக்ரோகிராம், அதுக்கே டாக்டர் யோசிச்சுத்தான் மாத்துவார். வெறும் வயித்துல நல்லபடியா போட்டாலே 40-ல இருந்து 80 சதவீதம் வரைக்கும்தான் குடல் உறிஞ்சும். அதுல கொண்டு போய் டிகாக்‌ஷனையும் பாலையும் ஊத்தினா? காபி ஒரு பக்கம் மருந்து உறிஞ்சுறதைக் குறைக்குது, பால்ல இருக்கிற கால்சியம் இன்னொரு பக்கம் பிடிச்சுக்குது. எவ்வளவு மாத்திரை போட்டும் டிஎஸ்ஹெச் (தைராய்டு மருந்து பத்தலன்னா ரத்தத்துல ஏறுற ஹார்மோன்) இறங்காத சிலர் எஸ்பிரெசோவோட மாத்திரையை முழுங்கிட்டு இருந்தாங்கன்னு இத்தாலிக்காரங்க 2008-லேயே எழுதிட்டாங்க. தண்ணிக்கு மாறினதும் உறிஞ்சுறது சரியாச்சு. நம்ம ஊர் கவர்ல மட்டும் இன்னும் "காலை, சாப்பாட்டுக்கு முன்". காபி சாப்பாடான்னு கேட்டா இங்க எத்தனை பேர் ஆமாம்பாங்க? அது பல் விளக்கின கையோட வர்ற விஷயம், சாப்பாட்டுக் கணக்குலேயே வராது. எழுதினவருக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும், ஆனா யாரும் சொல்ல மாட்டாங்க.

சரியான முறை ரொம்பச் சின்னது. எழுந்ததும் வெறும் தண்ணியில மாத்திரை. அதுக்கப்புறம் அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் காபி, டீ, பால், சத்துமாவுக் கஞ்சி எதுவும் வேணாம். இரும்பு, கால்சியம் மாத்திரைன்னா 4 மணி நேரம் தள்ளி. காபி இல்லாம ஒரு மணி நேரம் உயிரே போயிடும்னா, ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சு, படுக்கப் போகும்போது போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அதுவும் ஏத்துக்கிட்ட முறைதான்.

இதுல மறைஞ்சிருக்கிற வம்பு வேற. காபியோட போட்டே டிஎஸ்ஹெச் ஏறும். டாக்டர் 75-ஐ 100 ஆக்குவார், 100-ஐ 125 ஆக்குவார். ஒருநாள் யாரோ சொல்லி மாத்திரை போடுறவங்க ஒழுங்காத் தண்ணியில போட ஆரம்பிப்பாங்க. இப்ப அந்த 125 முழு பலத்தோட உள்ள போகும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. வருஷக்கணக்கா அப்படியே போனா எலும்பும் தேயும். அதனால பழக்கத்தை மாத்தினா டாக்டர்கிட்ட அதைச் சொல்லிட்டு, 6-ல இருந்து 8 வாரத்துல திரும்ப ரத்தப் பரிசோதனை பண்ணியாகணும்.

அடுத்தது இரும்புச் சத்து மாத்திரை. இதை நினைச்சாத்தான் ரத்தம் கொதிக்குது. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கிற சிவப்பு மாத்திரையை 180 நாளைக்கு இலவசமாக் கொடுக்குது. வாங்கிட்டு வந்து எதோட போடுறாங்க? டீயோட!

அந்தக் காலத்துல தாள்ல எழுத மை எப்படிக் காய்ச்சினாங்கன்னு தெரியுமா? கடுக்காய் கஷாயத்துல அன்னபேதி உப்பைப் போடுவாங்க, கன்னங்கரேல்னு ஆயிடும். அன்னபேதிங்கிறது வேற ஒண்ணும் இல்ல, ஃபெரஸ் சல்ஃபேட். உங்க மாத்திரையில இருக்கிற அதே இரும்பு உப்பு. கடுக்காயில இருக்கிறது டானின்ங்கிற துவர்ப்புச் சரக்கு, டீயில இருக்கிறதும் அந்த வகையறாதான். அப்ப டீயோட மாத்திரையைப் போடுறவங்க வயித்துக்குள்ள மை காய்ச்சுறாங்க. நம்பலன்னா ஒரு மாத்திரையைப் பொடிச்சு அரை டம்ளர் கட்டன் டீயில போட்டுப் பாருங்க, கறுத்துப் போறது கண்ணுக்கே தெரியும். அந்தக் கறுப்பைக் குடல் உறிஞ்சாது, நேரா வெளியே அனுப்பிடும். சாப்பாட்டுல இருக்கிற இரும்புக்கே இந்தக் கதிதான். 1983-ல வந்த ஒரு ஆய்வுல, அதே சாப்பாட்டோட டீ குடிச்சப்போ இரும்பு உறிஞ்சுறது 64 சதவீதம் குறைஞ்சுது, காபிக்கு 39.

கர்ப்பிணிகளுக்கு இரும்போட கால்சியம் மாத்திரையும் ஒரே பையில வருது. ரெண்டையும் ஒரே வாயில போட்டுக்கிட்டு மேல ஒரு டம்ளர் பால். குமட்டல் வராம இருக்கத்தான் பால்ங்கிறாங்க, நியாயமாவும் படும். ஆனா கால்சியமும் இரும்பும் குடல்ல ஒரே வாசல்ல முட்டி மோதுற ஆளுங்க. கால்சியத்தைச் சாப்பாட்டோட போடுங்க. இரும்பைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னாடியோ ரெண்டு மணி பின்னாடியோ எலுமிச்சம்பழத் தண்ணியிலோ நெல்லிக்காய்ச் சாறுலயோ போடுங்க. வைட்டமின் சி இரும்பைக் கரைஞ்ச நிலையிலேயே வச்சிருக்கும், குடலுக்கு வேலை சுலபம். குமட்டல் தாங்கலன்னா படுக்கப் போற நேரத்துக்கு மாத்துங்க. மலம் கறுப்பாப் போறதைப் பார்த்துப் பயந்து நிறுத்தாதீங்க, அது வழக்கம்தான். குழந்தைக்கு இரும்பு சிரப்பைப் பால்புட்டியில கலக்கிற வழக்கத்தையும் விடுங்க. உறிஞ்சுறதும் குறையும், பாதிப் பாலைக் குழந்தை மிச்சம் வச்சா எவ்வளவு மருந்து உள்ள போச்சுன்னு கணக்கும் இருக்காது.

ஆன்டிபயாடிக்ல இதே பால் இன்னும் பெரிய வில்லன். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின், நார்ஃபிளாக்சசின் இதெல்லாம் கால்சியத்தைக் கண்டா கொக்கி போட்டுப் பிடிச்சுக்கும். ரெண்டும் சேர்ந்து கரையாத ஒரு உருண்டை. சிப்ரோவைப் பாலோட போட்டா மூணுல ஒரு பங்கு மருந்து வீணாப் போகலாம். மருந்து குறைவாப் போனா கிருமி சாகாது, பழகிடும். அப்புறம் "இந்த மாத்திரை நமக்குக் கேட்கல"ன்னு வேற கடைக்கு ஓடுவாங்க. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ரோஸ் கலர் ஜெல் மருந்து இருக்கே, அதுல இருக்கிற அலுமினியம், மெக்னீசியம் பாலைவிட மோசம். சிப்ரோவை அதுக்கு 2 மணி முன்னாடி போடணும், இல்லன்னா 6 மணி பின்னாடி.

டாக்சிசைக்ளின் இதுல கொஞ்சம் சாது, பாலால வர்ற நஷ்டம் கம்மி. அதுக்கு ஆபத்து வேற இடத்துல. 2018 வெள்ளத்தப்போ கேரளாவுல எலிக்காய்ச்சல் தடுப்புக்கு வாரம் 200 மில்லிகிராம்னு ஊர் முழுக்கக் கொடுத்த மாத்திரை இது. ரெண்டு மிடறு தண்ணியில முழுங்கிட்டு உடனே படுத்தா உணவுக்குழாய்லயே ஒட்டிக்கிட்டு அங்கேயே கரைஞ்சு புண்ணாக்கிடும். மறுநாள் எச்சில் முழுங்கவே நெஞ்சு எரியும். ஒரு முழு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணி, அப்புறம் அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காரணும். அண்ணாந்து முழுங்குறதையும் கொஞ்சம் விடுங்கப்பா. கேப்சூல் தண்ணியில மிதக்கும், அதனால தலையைக் கொஞ்சம் முன்னால குனிஞ்சு முழுங்கினா அது தானா தொண்டைப் பக்கம் போகும்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு நாள் போடுற 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட் இருக்கே, அதைச் சரியாப் போட்டாலே ஒரு சதவீதம்கூட உள்ள போகாது. காபியோ ஆரஞ்சு ஜூஸோ சேர்ந்தா அதுலயும் 60 சதவீதம் காலி. வாரம் ஒரு மாத்திரை வாங்கி வாரம் ஒரு மாத்திரையைச் சாக்கடையில போடுற மாதிரி. வெறும் தண்ணி, அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேற எதுவும் வாயில படக் கூடாது. தாள்ல "மினரல் வாட்டர் வேண்டாம்"னு இருக்கிறதைப் படிச்சுட்டு கேன் தண்ணியைப் பார்த்துப் பயப்படுறவங்களும் உண்டு. அவங்க சொல்றது கால்சியம் அதிகமா இருக்கிற ஊற்றுத் தண்ணி. நம்ம இருபது லிட்டர் கேன்ல உப்பைப் பெரும்பாலும் வடிகட்டி எடுத்துட்டுத்தான் தர்றாங்க, தாராளமாக் குடிக்கலாம்.

ராத்திரி சூடான பாலோட மலச்சிக்கல் மாத்திரை போடுறது இன்னொரு கூத்து. பிசகோடில் மாத்திரைக்கு மேல ஒரு பூச்சு இருக்கு, வயித்துல கரையாம குடலுக்குப் போய்க் கரையிறதுக்காக. பால் வயித்து அமிலத்தைத் தணிச்சதும் அந்தப் பூச்சு நடுவழியிலேயே கரைஞ்சுடும், வயிறு முறுக்கி எடுக்கும். பாலுக்கும் இதுக்கும் ஒரு மணி நேர இடைவெளி வேணும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற லெவோடோபாவுக்கும் பால் ஆகாது, ஏன்னா பால் புரதமும் அந்த மருந்தும் உள்ள போறதுக்கு ஒரே வழியில வரிசை கட்டும்.

பால்னாலே விஷம்னு கிளம்பிடவும் வேணாம். வாரம் ஒரு தடவை கலக்கிக் குடிக்கிற 60,000 யூனிட் வைட்டமின் டி பொடிக்குப் பால்தான் பொருத்தம், கொழுப்பு இருந்தாத்தான் அது நல்லா ஏறும். வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ பாலோட போட்டாலும் தப்பில்ல. கோலாகூட ஒரு இடத்துல உதவும்: படர்தாமரைக்குக் கொடுக்கிற இட்ராகொனசோல் கேப்சூல் கரைய அமிலம் வேணும். அசிடிட்டி மாத்திரை போடுறவங்களுக்கு அந்த அமிலம் கம்மி, அதனால அவங்களுக்குச் சில சமயம் டாக்டரே கோலாவோட போடச் சொல்வார். மருந்துக்கு மருந்து மாறுது. அதனாலதான் கவர்ல எழுதுங்கன்னு கத்துறோம்.

ஜூஸ் விஷயத்துல தமிழ்ல சுத்துற குழப்பத்தைச் சொல்லாம விட முடியாது. கிரேப்ஃப்ரூட்டைத் "திராட்சை"ன்னு மொழிபெயர்த்துப் போட்டுடுறாங்க! அது பம்பளிமாஸோட சொந்தக்காரன், கசப்புக் கலந்த பெரிய எலுமிச்சை ஜாதிப் பழம். குடல் சுவர்ல மருந்தை உடைக்கிற ஒரு நொதியை அது முடக்கிடும், அதனால கொலஸ்ட்ராலுக்குப் போடுற சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், பிரஷருக்குப் போடுற ஃபெலோடிபின் மாதிரி மருந்துகள் ரத்தத்துல அளவுக்கு மேல ஏறும். காலையில குடிச்சுட்டு ராத்திரி மாத்திரை போட்டாலும் தப்பிக்க முடியாது, ஒரு டம்ளரோட வேலை ஒரு நாளைக்கு மேல நிக்கும். பம்பளிமாஸ்லயும் அதே சரக்கு உண்டு, இந்த மாத்திரைகள் போடுறவங்க அதையும் தள்ளி வைங்க. அலர்ஜிக்குப் போடுற ஃபெக்சோஃபெனடின் நேர் எதிர்: ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் ஜூஸோட போட்டா மருந்துல ஒரு பங்கு ரத்தத்துல ஏறாமலே போயிடும். ஆரஞ்சு ஜூஸ்ல இழப்பு சுமார் 36 சதவீதம். தும்மல் நிக்கலன்னு ரெண்டாவது மாத்திரையை அதே ஜூஸோட போடுவாங்க, பார்த்திருப்பீங்க.

கடைக்காரரே, ரப்பர் ஸ்டாம்ப் ஒண்ணு செய்யுங்க. "வெறும் தண்ணி, ஒரு டம்ளர்"னு நாலு வார்த்தை. 1-0-1 பக்கத்துல குத்துங்க. தைராய்டுக்கு "காபி 1 மணி கழிச்சு", இரும்புக்கு "டீ, பால் கூடாது", இதைப் பேனாவால எழுத அஞ்சு செகண்ட். வாங்குறவங்களும் கவரைக் கையில வாங்கிட்டு நகராதீங்க. "இதை எதோட முழுங்கணும்?"னு கேளுங்க, பின்னால நிக்கிறவர் முணுமுணுத்தாலும் பரவாயில்ல.