முகம் பார்க்கும் வாரமும் குறை பார்க்கும் வாரமும்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பிறக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிற குழந்தையின் முகம். ஃபோர் டி ஸ்கேன். கை ஒன்று கன்னத்தில், கண் மூடியிருக்கிறது. அரை மணி நேரத்தில் நாற்பது மெசேஜ். "தாத்தா மூக்கு" என்று ஒருவர், "வாய் நம்ம பக்கம்" என்று இன்னொருவர். ஒரு சித்தி மட்டும், "பிள்ளை மாநிறமாத்தான் இருக்கும் போல" என்று கவலைப்பட்டிருந்தார்.

அந்த நிறம் குழந்தையுடையது இல்லை, சித்தி. காதுக்குக் கேட்காத ஒலியை வயிற்றுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் போடுகிற படம் அது. ஒலிக்கு ஏது நிறம்? கம்ப்யூட்டர் பூசியது. ஜப்பான் பிள்ளைக்கும் எங்கள் கொடைக்கானல் மலைப் பூம்பாறைப் பிள்ளைக்கும் ஒரே பூச்சுதான். இதை எழுதினேன். ஒரு கும்பிடு எமோஜி வந்தது. நம்பினாரா, தெரியாது.

இந்தப் படங்களை ரொம்ப நாள் கிண்டலடித்தவள் நான். கல்யாண ஆல்பம், வளைகாப்பு ஆல்பம், இப்போது கருப்பை ஆல்பமா என்று. ஆனால் என் எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. முகம் அழகாகத் தெரிவது சுமார் 26 முதல் 30 வாரத்தில். குழந்தையின் மூளை, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தேட வேண்டியது 18 முதல் 20 வாரத்தில். அதுதான் அனாமலி ஸ்கேன். கறுப்பு வெள்ளையில் சாம்பல் கரைத்தது போல இருக்கும், நமக்கு ஒன்றும் புரியாது, குழுவில் போட்டால் யாரும் லைக் போட மாட்டார்கள். ஸ்கேனுக்காக மலையிலிருந்து ஒரே ஒரு முறைதான் கீழே போக முடியும் என்று ஆகும்போது, சில வீடுகளில் முகம் தெரியும் வாரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

1950களில் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் பார்ப்பதைத் தொடங்கியபோது, இரும்பில் விரிசல் தேடும் கருவியைத்தான் வயிற்றில் வைத்துப் பார்த்தார். விரிசல் தேடப் பிறந்த கருவி. போட்டோ பிடிக்க இல்லை.

சரி, இவ்வளவு பேசுகிற நான் வாயடைத்துப் போன கதையையும் சொல்ல வேண்டும்.

மூன்று வருடம் முன்பு என் தம்பி மகளை அனாமலி ஸ்கேனுக்கு மதுரைக்குக் கூட்டிப் போனேன். 19வது வாரத்துக்கு நாள் வாங்கியிருந்தோம். ஐப்பசி மழை, மலைப்பாதையில் மண் சரிவு, அப்புறம் பூண்டு வேலைக்கு ஆள் இல்லை என்று தள்ளித் தள்ளி 21வது வாரம் ஆகிவிட்டது. வத்தலக்குண்டு வருவதற்குள் அவள் மூன்று முறை வாந்தி எடுத்தாள். ஸ்கேன் அறையில் குழந்தை கையை முகத்தில் வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. "ஏதாவது சாப்பிட்டு, கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்று அனுப்பினார் டாக்டர். இரண்டாவது முறை பார்த்தபோது பேச்சை நிறுத்திவிட்டார். மேலுதட்டில் பிளவு.

சாம்பல் படத்தில் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. டாக்டர் ஒரு பட்டனை அழுத்தி, நான் கிண்டலடித்த அதே முகப் படத்தை வரவைத்தார். "பார்க்கிறீங்களாம்மா?" என்று அவளைத்தான் கேட்டார். நானாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அத்தை?" என்றாள். உதட்டுப் பிளவு என்ற சொல்லைக் கேட்டதும் மனசு வரைந்துகொண்ட முகம் அதைவிடக் கொடூரமாக இருந்திருக்கிறது.

மற்ற உறுப்புகளில் ஒன்றும் இல்லை. அண்ணம், அதாவது வாயின் மேல்பகுதி, பிளந்திருக்கிறதா என்பதை ஸ்கேனில் உறுதியாகச் சொல்ல முடியாது, பிறந்த பிறகு பார்க்கலாம், உதட்டைச் சில மாதத்திலேயே தைத்துவிடலாம் என்று டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். அந்த இருபது நிமிஷப் பேச்சுக்கு பில்லில் தனி வரி இல்லை. என்னைக் கேட்டால் அன்றைக்கு வாங்கியதில் விலை மதிப்பானது அதுதான்.

ஊருக்கு வந்ததும் கிரகணம் வந்துவிட்டது. "கிரகணத்தன்னைக்கு வெளியே வந்திருப்பா, காய் நறுக்கியிருப்பா" என்றார் மாமியார். இன்னொரு உறவுக்காரர் என்னைத் தனியே அழைத்து, "கலைச்சிடலாமே" என்றார். 2021 சட்டத் திருத்தத்தின்படி, குழந்தைக்குப் பெரிய குறை இருந்தால் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் போதும். அதற்கு மேல் என்றால் மருத்துவக் குழு சொல்ல வேண்டும். தையலில் சரியாகிற உதடு பெரிய குறையா? "அத்தை, இனிமே யாரையும் என்கிட்ட பேச விடாதீங்க" என்றாள் அவள். முடிந்தது. மிச்சமிருந்த நான்கரை மாதத்தில் அந்தப் படத்தை மாமியாரிடம் அவளே பத்து முறை காட்டியிருப்பாள். பிறந்த அன்று அந்த வீட்டில் யாரும் அலறவில்லை.

இதை வைத்து, ஸ்கேனில் எது தெரிந்தாலும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்டையோடே உருவாகாத குழந்தையைச் சுமந்த ஒருத்தி வேறு முடிவு எடுத்தாள். அவளோடும் நான்தான் கீழே போனேன். இரண்டு பேரும் தெரிந்துகொண்டு முடிவெடுத்தார்கள்.

கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்கிற 1994 சட்டத்தால்தான் ஸ்கேன் மெஷின் மலைக்கு வருவதில்லை என்று சிலர் புலம்புகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. உசிலம்பட்டி எங்கள் மலையடிவாரத்துக்குப் பக்கம்தான். 1980களில் பெண்சிசுக் கொலைக்காக அந்த ஊர் பேசப்பட்டது எங்கள் வயதுக்காரர்களுக்கு மறக்காது. மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக யாரும் அலைய வேண்டாம். பதிவு பெற்ற மலை ஆஸ்பத்திரிகளில் மாதம் இரண்டு நாள், அனாமலி ஸ்கேன் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டர் வந்து உட்காரட்டும். மன்னவனூர், கூக்கால் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு முழு நாளும் ஒரு வண்டி வாடகையும் மிச்சம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தெருப் பெண் போன் செய்தாள். "அக்கா, முகம் நல்லாத் தெரியணும்னா எத்தனையாவது வாரம் போகணும்?"

"உனக்கு இப்ப எத்தனை?"

"இருபது முடியப் போகுது."

முதல் பஸ்ஸுக்கு அவளோடு நானும் போகிறேன்.