ரிவர்ப் ஹம்முக்கு வால்வை மாத்தச் சொல்றவங்களே, கொஞ்சம் நில்லுங்க!

வால்வ் கிட்டார் ஆம்புல ரிவர்ப் (எதிரொலி) நாபை நாலுக்கு மேல திருகினா ‘ம்ம்ம்ம்’னு ஒரு ஹம். யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்: “வால்வை மாத்துங்க.” எந்த வால்வ், ஏன்னு திருப்பிக் கேட்டா ஆளைக் காணோம். காசு போனதுதான் மிச்சம், ஹம் அப்படியே இருக்கும்.

ஐயா, முதல்ல நாபை ஜீரோவுக்குக் கொண்டுபோங்க. ஹம் நின்னுடுச்சுன்னா கோளாறு நாபுக்கு முன்னாடி: டேங்க் (ஸ்பிரிங் ஆடி எதிரொலி தர்ற பெட்டி), கேபிள், இல்லன்னா ரிக்கவரி வால்வ் (டேங்க்ல இருந்து வர்ற சிக்னலைப் பெருக்குறது) சுத்துப்பட்டு. நிக்கலையா, ரிவர்பைத் திட்டாதீங்க, வேற இடத்துல தேடுங்க. அடுத்து ஆம்பை ஆஃப் பண்ணி, டேங்கோட அவுட்புட்ல இருந்து ஆர்சிஏ பிளக்கை உருவி, அதோட நடுப்பின்னையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டுக் கம்பியால ஷார்ட் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க. அமைதியாயிடுச்சா? வால்வ் நிரபராதி. டேங்க்தான் ஹம்மைப் பிடிக்குது. இன்னும் கத்துதுன்னா கேபிள் ஷீல்டு அறுந்திருக்கான்னு பாருங்க. 12ஏஎக்ஸ்7-ங்கிற அந்த ரிக்கவரி வால்வ் பக்கம் அதுக்கப்புறம்தான் போகணும். ரெண்டு நிமிஷ வேலை, இதைச் செய்ய ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது!

டேங்க் ஏன் ஹம்மைப் பிடிக்குது? அவுட்புட் முனையில இருக்கிறது ஒரு காயில். ஸ்பிரிங் ஆடினா அதுல வர்றதே சில மில்லிவோல்ட்தான், அதை ரிக்கவரி வால்வ் ஊதிப் பெருக்குது. பக்கத்துல பவர் டிரான்ஸ்ஃபார்மர் காந்தப்புலத்தை வாரி இறைச்சா, அதுவும் சேர்ந்துதான் பெருகும். இது தெரிஞ்சும் சிலர் அந்த முனையை டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர் கீழயே திருகி வைக்கிறாங்க பாருங்க, பத்திக்கிட்டு வருது! திருகைக் கழட்டுங்க, ஆம்ப் ஓடும்போதே டேங்கைக் கையில பிடிச்சு மெல்லத் திருப்பிப் பாருங்க (சர்க்யூட் இருக்கிற சேஸிஸுக்குள்ள மட்டும் கை போகக் கூடாது, அங்க 400 வோல்ட்டுக்கு மேல இருக்கும்). முனை மாத்தினாலே பாதி சத்தம் போகும். எங்க அடங்குதோ அங்க திருகுங்க.

அலுமினிய ஃபாயில் சுத்தச் சொல்ற மேதைகளே, 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு ஃபாயில் ஒரு பொருட்டே இல்லை. டேங்கோட திறந்த பக்கத்தை மூட இரும்புத் தகடு வேணும்.

டேங்க் வாங்கித்தான் ஆகணும்னா, அளவை மட்டும் பார்க்காம மாடல் நம்பரைப் படிங்க. 4ஏபி3சி1பி-ல அந்த ‘சி’ எதுக்கு? இன்புட் சாக்கெட் டேங்கோட தகட்டுல படாம, அவுட்புட் மட்டும் கிரவுண்ட் ஆகணும்னு. அங்க ‘ஏ’ இருந்தா ரெண்டுமே கிரவுண்ட், கிரவுண்டுக்கு ரெண்டு வழியாகி லூப் விழுந்து புது ஹம் வரும். பழைய டேங்கைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி கேபிளைக் கழட்டி அவுட்புட்டை அளந்தும் பாருங்க. இந்த வகையில சுமார் 200 ஓம் காட்டணும். மீட்டர் அசையலைன்னா, சாக்கெட்டுக்கும் காயிலுக்கும் நடுவுல இருக்கிற முடி மாதிரிக் கம்பி விட்டுப்போயிருக்கும். ஒரு சொட்டு சால்டர் போதும்.

லூப்னு தெரிஞ்சதும் பவர் கார்டோட எர்த் பின்னை வெட்டச் சொல்றவங்க இருக்காங்களே, அவங்களை என்ன செய்யலாம்? உள்ள இன்சுலேஷன் போச்சுன்னா கிட்டார் கம்பி வழியா கரண்ட் பாயும். லூப்பை டேங்குல உடைங்க: இன்புட் சாக்கெட்டைத் தகட்டுல படாம ஃபைபர் வாஷர் போட்டுப் பிரிச்சு வைங்க. எர்த் பின் இருந்த இடத்துலயே இருக்கட்டும்.