ஏழு புள்ளிகள் போதுமாயிருந்த மூன்று ஆட்டங்கள்

ஏப்ரல் பிறந்து இங்கிலாந்துக் கால்பந்துப் பருவம் கடைசி நான்கைந்து ஆட்டங்களுக்கு வந்து நிற்கும்போதெல்லாம், எங்கள் நண்பர்கள் குழுவில் யாராவது ஒருவர் லிவர்பூல் அணித்தலைவர் ஸ்டீவன் ஜெரார்டு 2014-இல் செல்சிக்கு எதிரான ஆட்டத்தில் வழுக்கி விழும் அந்தக் காணொளித் துண்டைத் தவறாமல் போட்டுவிடுவார். அதன் கீழே நான்கு பேர் சிரிப்பார்கள்; இரண்டு பேர் "ஒரு வழுக்கலில் போன பட்டம்" என்று எழுதுவார்கள். லிவர்பூல் ரசிகனான நான் பல ஆண்டுகள் பதில் சொல்லாமலே கடந்து வந்தேன். முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2020-இல் பட்டம் கைக்கு வந்து புண் ஆறிவிட்டபடியால், 2013–14 பருவத்தின் அந்தக் கடைசி வாரங்களைப் பற்றி எனக்குள்ள கருத்தை இப்போது ஒருமுறை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. என் கட்சி இதுதான்: ஜெரார்டு வழுக்கியதால் அந்த ஆட்டத்தில் ஒரு கோல் போயிற்று. பட்டம் போனதற்குக் காரணம், ஏழு புள்ளிகள் போதும் என்றிருந்த இடத்தில் அதற்கு ஏற்றபடி ஆடத் தெரியாமல் போனது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த வாதத்தில் இறங்குபவர்களில் பாதிப் பேர் அன்றைய புள்ளிப் பட்டியலை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். 2014 ஏப்ரல் 20-ஆம் தேதி நாரிச் நகரில் 3–2 என்று வென்றபோது லிவர்பூலுக்கு 35 ஆட்டங்களில் 80 புள்ளிகள். செல்சிக்கு அதே 35 ஆட்டங்களில் 75. மறுநாள் வெஸ்ட் பிராமை வென்ற மான்செஸ்டர் சிட்டிக்கு 34 ஆட்டங்களில் 74. சிட்டி மீதி நான்கையும் வென்றாலும் 86-க்கு மேல் போக முடியாது. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று. ஆகவே லிவர்பூலுக்கு மூன்று ஆட்டங்களில் ஏழு புள்ளிகள், அதாவது இரண்டு வெற்றியும் ஒரு சமனும் இருந்தால் யார் என்ன செய்தாலும் பட்டம் நிச்சயம். அந்த மூன்றில் கடினமானது லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் நடக்கவிருந்த செல்சி ஆட்டம். சமன் செய்ய வேண்டிய ஆட்டம் எது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவேண்டியதே இல்லை.

அதற்கு முன்னால் இந்த அணி எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்பதையும் சொல்லவேண்டும். மேலாளர் பிரெண்டன் ரோஜர்ஸின் இந்த லிவர்பூல் அணி முந்தைய பருவத்தில் ஏழாவது இடம் பிடித்த அணி. ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாததால் வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு வார இறுதியில் புத்துணர்வோடு இறங்கும் வசதி அதற்கு இருந்தது. பிப்ரவரி 8 அன்று ஆர்சனலை 5–1 என்று நொறுக்கியதில் தொடங்கித் தொடர்ச்சியாகப் பதினோரு ஆட்டங்களை வென்றது. அந்தப் பதினோரு ஆட்டங்களில் அடித்த கோல்கள் 38, வாங்கியவை 15. ஸ்வான்சியுடன் 4–3, கார்டிஃபுடன் 6–3, ஃபுல்ஹாமுடன் இன்ஜுரி டைமில் கிடைத்த பெனால்டியால் 3–2 என்ற முடிவுகளைப் பார்த்தாலே தெரியும், எதிரணி இரண்டு அடித்தால் நாம் மூன்று அடிப்போம் என்பதைத் தவிர இந்த அணியிடம் வேறு திட்டம் இருக்கவில்லை. பருவம் முடிந்தபோது 101 கோல்கள் அடித்திருந்தார்கள், 50 வாங்கியிருந்தார்கள். சிட்டி 102 அடித்து 37-தான் வாங்கியது. பார்ப்பதற்கு அதைவிட இன்பமான லிவர்பூல் அணியை நான் கண்டதில்லை. ஆனால் பார்க்க இன்பமாக இருப்பதும் பட்டம் வெல்வதும் ஒரே வேலை என்று நாங்களெல்லாம் அப்போது நம்பிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 13-ஆம் தேதி சிட்டியை ஆன்ஃபீல்டில் 3–2 என்று வென்ற ஆட்டம் அந்த நம்பிக்கையின் உச்சம். கூட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் பலர் மாண்ட ஹில்ஸ்பரோ துயரத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவுக்கு இரண்டு நாள் முன்பாக நடந்த ஆட்டம் அது. சிட்டியின் கொம்பனி சரியாக உதைக்காமல் விட்ட பந்தை லிவர்பூலின் கூட்டினியோ வலைக்குள் அனுப்பியபோது அரங்கமே அதிர்ந்தது. முடிவு விசில் அடித்ததும் ஜெரார்டு கண்ணீரோடு வீரர்களை வட்டமாக இழுத்து நிறுத்தி, இது இனி நழுவக்கூடாது, இது முடிந்துவிட்டது, அடுத்து நாரிச்சுக்குப் போய் இதே மாதிரி ஆடவேண்டும் என்று சொன்னதைக் கேமரா பிடித்துவிட்டது. 'நழுவ' என்ற சொல்லை வைத்து எதிரணி ரசிகர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள். எனக்கு உறுத்துவது 'இதே மாதிரி' என்பதுதான். நாரிச்சில் பதினோரு நிமிடத்துக்குள் 2–0 என்று முன்னிலை பெற்றும், கடைசியில் 3–2 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார்கள். எச்சரிக்கை அங்கேயே மணி அடித்தாகிவிட்டது.

அதே சிட்டி ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. இதை யாரும் காணொளியாகப் போடுவதில்லை. கூடுதல் நிமிடங்களில் ஜோர்டன் ஹெண்டர்சன் தேவையில்லாமல் பாய்ந்து தடுக்கப்போய்ச் சிவப்பு அட்டை வாங்கினார். மூன்று ஆட்டத் தடை. நாரிச், செல்சி, கிரிஸ்டல் பேலஸ் மூன்றிலும் அவர் இல்லை. முப்பத்து மூன்று வயது ஜெரார்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்று பந்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணமே, அவருக்கும் சேர்த்து ஓட இளைய கால்கள் பக்கத்தில் இருந்தன என்பதுதான். அந்தக் கால்களில் முக்கியமானவை ஹெண்டர்சனுடையவை. பட்டம் போன வரலாற்றில் ஒரே ஒரு நொடியைக் குறிப்பிடவேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நான் அந்தச் சிவப்பு அட்டையைத்தான் காட்டுவேன்.

இனி ஏப்ரல் 27. செல்சிக்கு மூன்று நாள் கழித்து அட்லெட்டிகோ மாட்ரிட்டுடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி இரண்டாம் சுற்று இருந்ததால் அதன் மேலாளர் மொரீனியோ பல முக்கிய ஆட்டக்காரர்களை வெளியே வைத்தார். கோலில் 41 வயது ஷ்வார்ட்சர். நடுத்தடுப்பில் பிரீமியர் லீக்கில் அதற்கு முன் காலே வைத்திராத இருபது வயது டோமாஷ் காலாஸ். முதல் நிமிடத்திலிருந்தே செல்சி நேரம் கடத்தியது. ஒவ்வொரு கோல் கிக்குக்கும் ஷ்வார்ட்சர் பந்தைத் துடைத்து, வைத்து, மறுபடி எடுத்து வைத்தார். பார்க்க எரிச்சலாக இருந்தது உண்மை. ஆனால் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பாருங்கள்: அன்று சமன் என்பது யாருக்குப் போதுமான முடிவு? லிவர்பூலுக்கு. எதிரணி நேரம் கடத்தினால் நாமும் சேர்ந்து பந்தைப் பின்னால் தட்டிக்கொண்டு நிற்கலாமே. கோபப்பட என்ன இருக்கிறது?

முதல் பாதியின் கூடுதல் நிமிடங்களில் லிவர்பூலின் சாக்கோ பக்கவாட்டில் தள்ளிய பந்து ஜெரார்டின் காலுக்கடியில் நழுவிப் போயிற்று. அதைத் திரும்ப எடுக்கத் திரும்பியவர் வழுக்கினார். செல்சியின் டெம்பா பா நடுக்கோட்டின் அருகிலிருந்து தனியாக ஓடிப்போய் கோல்கீப்பர் மின்யோலேயின் கால்களுக்கு இடையே பந்தை அனுப்பினார். ஆனைக்கும் அடி சறுக்கும்; அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. என் குற்றச்சாட்டு அதற்குப் பின் இருந்த நாற்பத்தைந்து நிமிடத்தின் மீது. ஒரு கோல் அடித்தால் போதும், சமன்; சமன் என்றால் பட்டம் இன்னும் நம் கையில். அதற்கு அந்த நேரம் தாராளம். ஆனால் அந்த இரண்டாம் பாதியை இன்று மறுபடி பாருங்கள்: ஐந்தாறு உயரமான நீலச் சட்டைகள் நிற்கும் பெட்டிக்குள் மேலே மேலே தூக்கிப் போட்ட கிராஸ்கள், தூரத்திலிருந்து ஜெரார்டு தன் பாவத்தைத் தானே கழுவ நினைத்து அடித்துக்கொண்டே இருந்த ஷாட்டுகள். ஜோ ஆலன் அடித்த ஒரு வாலியை ஷ்வார்ட்சர் தடுத்தார், அவ்வளவுதான். காயத்திலிருந்து தேறிவந்த ஸ்டரிட்ஜ் பெஞ்சிலிருந்து வந்தும் பயனில்லை. முடிவில் எல்லோரும் முன்னே போய் நிற்க, டோரஸும் வில்லியனும் காலி மைதானத்தில் ஓடி இரண்டாவது கோலையும் போட்டார்கள். தலைவர் விழுந்ததைப் பார்த்துக் கலங்கிய அணி அது. கலங்கியவர்களை நிதானப்படுத்த வேண்டியது ஓரத்தில் நிற்கும் மேலாளரின் வேலை.

இங்கே என் நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் வைக்கும் எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது லேசான வாதம் அல்ல. பதினோரு ஆட்டங்களைத் தாக்கியே வென்ற அணியிடம் பன்னிரண்டாவது ஆட்டத்தில் திடீரென்று பின்னால் உட்காரச் சொன்னால் அது எப்படி உட்காரும், ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா என்பது அவர் கேள்வி. அந்தத் தடுப்பாட்டத்தை வைத்துக்கொண்டு 0–0-க்கு ஆடியிருந்தால் மூன்று கோல் வாங்கியிருப்பார்கள் என்றும் சொல்வார். பாதி ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் செல்சி அன்று தாக்க வரவே இல்லை. யாரும் வராத வாசலைப் பூட்டிவைக்கப் பெரிய தடுப்பாட்டம் எதற்கு?

இன்னொரு வழுக்கலையும் இங்கே நினைவுபடுத்தியாகவேண்டும். ஏப்ரல் 16 அன்று, பட்டியலின் அடியில் கிடந்த சண்டர்லேண்டு, சிட்டியின் எதிஹாட் அரங்குக்கு வந்து, கானர் விக்கம் அடித்த இரண்டு கோல்களால் 2–1 என்று முன்னிலையில் இருந்தது. 88-ஆம் நிமிடத்தில் நாஸ்ரி அடித்த சாதாரண ஷாட்டைக் கோல்கீப்பர் மன்னோனே கைக்குள் பிடித்துப் பின் தவறவிட, சிட்டிக்கு ஒரு புள்ளி கிடைத்தது. அந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் சிட்டியின் இறுதிக் கணக்கு 85. அப்படியானால் லிவர்பூல் செல்சியிடம் தோற்ற பிறகும்கூட மீதி இரண்டையும் வென்று 86 என்று முடித்திருக்கலாம், புள்ளிகள் சமமானால் பார்க்கப்படும் கோல் வித்தியாசத்தைப் (அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தால் வருவது) பற்றி ஒரு கவலையும் இல்லாமல். ஜெரார்டுக்குப் பாட்டுக் கட்டியவர்கள் மன்னோனேவுக்கு ஓர் அடிகூடக் கட்டவில்லை. அதே சண்டர்லேண்டு மூன்று நாள் கழித்துச் செல்சியை அதன் சொந்த மைதானத்தில் வீழ்த்தியது. வெற்றி பெனால்டியை அடித்தவர் லிவர்பூல் கடனாகக் கொடுத்திருந்த போரினி. அடுத்த பிரிவுக்குக் கீழிறக்கப்படுவோமோ என்று பயந்த அணிகள் ஏப்ரலில் இப்படித்தான் பேய் பிடித்ததுபோல் ஆடும். சண்டர்லேண்டு கடைசியில் தப்பித்துப் பதினான்காவது இடத்தில் முடித்தது.

கிரிஸ்டல் பேலஸின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் மே 5 அன்று நடந்ததை நம் நேரப்படி செவ்வாய்க்கிழமை அதிகாலை இரண்டரை மணிவரை விழித்திருந்து பார்த்தவன் நான். அதற்குள் சிட்டியும் லிவர்பூலும் 36 ஆட்டங்களில் 80 புள்ளிகளோடு சமமாக நின்றன. ஆனால் கோல் வித்தியாசத்தில் சிட்டி ஒன்பது கோல் மேலே. ஆலனும் சுவாரெஸும் அடித்ததோடு பேலஸின் டிலேனி தன் வலைக்குள்ளேயே விட்ட சொந்தக் கோலும் சேர்ந்து 3–0 ஆனபோது, வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடினார்கள். இன்னும் ஆறு கோல் வேண்டுமாம். சிட்டிக்கு வீட்டு மைதானத்தில் இரண்டு ஆட்டம் மீதமிருக்க, அந்த ஆறு எந்தக் கணக்கில் வரும் என்று படுக்கையில் உட்கார்ந்து நான் கேட்டது டிவிக்குக் கேட்கவில்லை. 79, 81, 88 என்று ஒன்பது நிமிடத்துக்குள் பேலஸுக்காக அதே டிலேனி ஒன்றும் டுவைட் கேல் இரண்டும் போட்டு 3–3 ஆக்கினார்கள். சட்டையை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டு சுவாரெஸ் அழுதுகொண்டே வெளியேறினார். 2005-இல் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் மூன்று கோல் பின்தங்கி மீண்டுவந்த கழகத்துக்கு அதே கதை தலைகீழாக நடந்ததால், கிரிஸ்டலையும் இஸ்தான்புல்லையும் ஒட்டிக் 'கிரிஸ்டன்புல்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்களே, இங்கே கடைகிறவர்களே தாழியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாப் புள்ளியும் ஒன்றே, ஆகஸ்டில் விட்டதும் மே மாதத்தில் விட்டதும் சமம் என்று ஒரு கட்சி உண்டு. பிப்ரவரியில் வெஸ்ட் பிராம் மைதானத்தில் கோலோ டூரே தன் கோல் வாயிலுக்குக் குறுக்கே தள்ளிய பந்து எதிரணியிடம் போய் 1–1 ஆனதையும், டிசம்பரில் ஹல் நகரில் 3–1 என்று தோற்றதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். கூட்டல் கழித்தலில் அது சரி. ஆனால் பிப்ரவரியில் எத்தனை புள்ளி போதும் என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரல் கடைசியில் தெரியும். தெரியாமல் ஆடுவதற்கு மன்னிப்பு உண்டு; தெரிந்த பிறகும் தெரியாததுபோல் ஆடுவதற்குக் கிடையாது. செல்சியையே எடுத்துக்கொள்ளுங்கள்: அந்தப் பருவத்தில் சிட்டியை இரண்டு முறையும் லிவர்பூலை இரண்டு முறையும் வென்று, முதல் இரண்டு அணிகளிடமிருந்து பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகள் எடுத்தும், 82 புள்ளிகளோடு மூன்றாவதாகத்தான் முடித்தது.

சிட்டி என்ன செய்தது என்பதைச் சொல்லச் சுவாரசியமே இல்லை. அதுதான் அதன் பெருமை. பெல்லெக்ரீனியின் அணி பேலஸை 2–0, எவர்டனை அதன் மைதானத்தில் 3–2, வில்லாவை 4–0, வெஸ்ட் ஹாமை 2–0 என்று வென்று, கேட்ட பன்னிரண்டு புள்ளிகளையும் எண்ணி வைத்துவிட்டுப் போயிற்று. (அந்த எவர்டன் ஆட்டத்தில் தங்கள் அணி வென்றால் பக்கத்து வீட்டுக்காரனான லிவர்பூலுக்குப் பட்டம் கிடைத்துவிடுமே என்று தவித்த எவர்டன் ரசிகர்களின் நிலை தனிப் பதிவுக்குரிய விஷயம்.)

மே 11-ஆம் தேதி நியூகாசிலுடன் நடந்த கடைசி ஆட்டத்தில் ஷ்கர்டெல் அடித்த சொந்தக் கோலால் பின்தங்கிய லிவர்பூல், இரண்டாம் பாதியில் அகரும் ஸ்டரிட்ஜும் அடித்த கோல்களால் 2–1 என்று வென்றது. அந்த இரண்டு கோல்களும் ஜெரார்டு தூக்கிப் போட்ட ஃபிரீ கிக்குகளிலிருந்து வந்தவை. அதற்குள் மான்செஸ்டரில் சிட்டி இரண்டாவது கோலையும் போட்டிருந்தது.