காட்டுக்குச் சொந்தக்காரர் ஊரில் இல்லை

ஸ்லோவேனியாவில் காட்டைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் பெருமைதான் வரும். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 58 சதவீதம் காடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃபின்லாந்து, சுவீடனுக்கு அடுத்த இடம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் தலைநகர் லூப்லியானாவுக்கு வந்த ஏழு வருடத்தில் இதைக் கேட்டுக் கேட்டு, எனக்குள் ஒரு முணுமுணுப்பு வளர்ந்துவிட்டது.

இங்கே சொந்தக் காடாகவே இருந்தாலும் நினைத்த மரத்தில் ரம்பம் வைக்க முடியாது. வனத்துறை ஆள் வந்து, உரிமையாளரோடு நடந்து, எந்த மரம் போகலாம் என்று பார்த்துக் குறி போட வேண்டும். ஒரு மலையையே மொட்டையடிக்கும் பழக்கத்தை இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருடங்களிலேயே தடை செய்துவிட்டார்கள். 'என் மரம், என் காசு, நடுவில் அதிகாரி எதற்கு?' என்று புலம்புகிறவர்கள் உண்டு. நான் அதிகாரி பக்கம். காட்டில் முக்கால் பங்கு தனியார் கையில், லட்சக்கணக்கான பேரிடம், சராசரியாக ஆளுக்கு மூன்று ஹெக்டேர்கூட இல்லாமல் சிதறிக் கிடக்கிறது. இந்தக் குறி இல்லாவிட்டால் பணமுடை வரும்போதெல்லாம் ஒரு துண்டு காலியாகியிருக்கும்.

என் கவலை வேறு. வெட்டக்கூடாத மரத்தை வெட்டவிடாமல் தடுக்க ஆள் இருக்கிறது. உடனே வெட்டியாக வேண்டிய மரத்தை வெட்டத்தான் ஆள் இல்லை.

2014 ஜனவரிக் கடைசியில் மழையாக விழுந்த தண்ணீர் கிளையில் பட்டதும் உறைந்தது. சுள்ளிக்குச் சுள்ளி கண்ணாடி உறை. பாரம் தாங்காமல் மரங்கள் முறிந்தன. போஸ்தோய்னா பக்கம் ரயில் மின்கம்பிகளும் அறுந்து விழுந்தன. நாட்டின் காட்டில் பாதியைப் பனிப்பாரம் தொட்டிருந்தது. அடுத்த வருடமே, விழுந்து கிடந்த ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களில் பெருகிய, பட்டைக்கடியில் குடைந்து மரத்தைக் கொல்லும் பட்டை வண்டு நிற்கிற மரங்களுக்கும் தாவியது. ஸ்ப்ரூஸ் நேராக வளரும், நல்ல விலை போகும் என்று பீச் என்னும் அகன்ற இலை மரம் நிற்க வேண்டிய தாழ்வான சரிவுகளிலும் அந்தக் காலத்தில் நட்டுவைத்தார்கள். மேலோட்டமான வேர் ஸ்ப்ரூஸுக்கு. கோடை வறண்டால் பிசின் சுரந்து வண்டை வெளியே தள்ளத் தெம்பிருக்காது.

என்னோடு வேலை பார்ப்பவருக்குக் கொச்செவ்யே பக்கம் தாத்தா வழிக் காடு ஒரு துண்டு இருக்கிறது. போன கோடையில் கூட்டிப் போனார். ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் வண்டு குடைந்து தள்ளிய தூள், காபித்தூள் கொட்டியது போலப் பழுப்பாகக் கிடந்தது. கத்தியால் பட்டையை நெம்பினார். உள்ளே தாய் வண்டு குடைந்த நீளமான தடம், அதிலிருந்து இரண்டு பக்கமும் புழுக்கள் தின்றுபோன கிளைத் தடங்கள், செதுக்கி வைத்தது போல. அரை சென்டிமீட்டர் அளவே உள்ள வண்டு. வெயில் தொடர்ந்தால் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று தலைமுறை எடுத்துவிடும். அது பறப்பதற்குள் மரத்தை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும், அல்லது பட்டையை உரிக்க வேண்டும்.

கெடு வைத்து வனத்துறைக் கடிதமும் வந்திருந்தது, பங்காளிகள் மூன்று பேருக்கும். ஒருவர் மரிபோரில், ஒருவர் வியன்னாவில். மரம் வெட்டும் ஆளை யார் கூப்பிடுவது, கூலியை யார் போடுவது என்ற பேச்சு வாட்ஸ்அப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. காளான் காலத்தில் மட்டும் மூவரும் கூடையோடு வந்துவிடுவார்களாம்! ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிலோதான் பறிக்கலாம் என்ற விதி மூவருக்கும் மனப்பாடம்.

கெடு தாண்டினால் வனத்துறையே மரத்தை வெட்டி, அதற்கான செலவை உரிமையாளரிடம் வாங்கச் சட்டத்தில் இடமுண்டு. வண்டு விஷயத்தில் அதற்குத் தயக்கமே கூடாது என்பேன். பங்காளிச் சண்டை தீரும்வரை வண்டு காத்திருக்காது. காலியான இடத்தில் மறுபடியும் ஸ்ப்ரூஸ் நட்டால் மானியத்தில் ஒரு காசுகூடக் கொடுக்கக் கூடாது. நாட்டின் தென்மேற்கில் உள்ள கார்ஸ்ட் பீடபூமியில் 2022 ஜூலையில் 3,500 ஹெக்டேருக்கு மேல் எரிந்ததே, அங்கேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொட்டைப் பாறையை மூட நட்ட கறுப்புப் பைன் நிறைய இருந்தது. அன்றைக்கு அது நல்ல யோசனைதான், ஆனால் பைன் சுலபமாகத் தீப்பற்றும்.

நண்பரின் காட்டில் அந்த மரம் செப்டம்பரில்தான் விழுந்தது. அதற்குள் பக்கத்து நான்கு மரங்களின் அடியிலும் காபித்தூள்.